வீட்டுக்கும் வடிகால் வேண்டும்

சிறு விவசாயிகள் தம் கையாலேயே செய்துகொள்ளக்கூடிய பராமரிப்பு வேலைகள்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது பழமொழி. கட்டிய வீட்டைக் காப்பாற்றுவதும் அதற்குக் குறைந்த வேலை அல்ல. திருப்பனந்தாள் வட்டாரத்தில் ஒன்றிரண்டு ஏக்கர் சாகுபடி செய்யும் விவசாயி, பயிருக்கு வாங்கிய கடனை அறுவடையில் அடைத்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு இருக்கிறார். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வீட்டுச் சுவர் ஒன்று விழுந்துவிட்டால் அதற்கு வாங்கும் கடனை எந்த அறுவடையில் அடைப்பது? நகை அடகுக்குப் போகிறது. அடுத்த பட்டத்துக்கு உரம் வாங்கப் பணமில்லாமல் போகிறது. ஆகவே வீட்டுப் பராமரிப்பும் பண்ணை நிர்வாகத்தில் ஒரு பகுதியே என்பதை நாம் உணர வேண்டும்.

இதை நான் என் சொந்த வீட்டில் நடந்த தவறிலிருந்து கற்றுக்கொண்டேன். 1996-ஆம் ஆண்டு, முனைவர் பட்டம் பெற்று வேலையில் சேர்ந்த புதிது. திருப்பனந்தாளுக்கு அருகே எங்கள் வீடு, மண்சுவரும் நாட்டு ஓடும் கொண்ட பழைய வீடு. ஆண்டுதோறும் சித்திரையில் என் தாயார் களிமண், மணல், வைக்கோல் நறுக்கு மூன்றையும் கலந்து மிதித்து, சுவரின் அடிப்பாகத்தைப் பூசி மெழுகுவார். "இன்னும் எத்தனை காலத்துக்கு இந்தப் பாடு?" என்று சொல்லி, கொல்லைப்புறச் சுவருக்கு உள்ளும் புறமும் சிமெண்டுப் பூச்சு போட ஏற்பாடு செய்தேன். "மண்ணோட மண்ணுதாண்டா தம்பி ஒட்டும்" என்று அம்மா சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வீட்டிலும் விட்டுவிட்டார்கள்.

இரண்டு வருடம் சுவர் பளிச்சென்று இருந்தது. 1998 கார்த்திகையில் விடாமல் பெய்த மழையில் ஓர் இரவு அந்தச் சுவர் சரிந்துவிட்டது. சுவரோரம் கட்டியிருந்த கன்றை அன்று மாலைதான் அம்மா அவிழ்த்து வேறிடத்தில் கட்டியிருந்தார். உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அடுத்த குறுவைக்கென்று ஒதுக்கி வைத்திருந்த ஏ.டி.டி. 36 விதைநெல் நான்கு மூட்டை நனைந்து முளைத்துப் போயிற்று. மறுநாள் இடிந்த இடத்தைப் பார்த்தபோது, சிமெண்டுப் பூச்சு தகடு தகடாக அப்படியே கிடந்தது. உள்ளேயிருந்த மண் மட்டும் கூழாகியிருந்தது.

காரணம் எளியது. மண்சுவர் தரையிலிருந்தும் காற்றிலிருந்தும் ஈரத்தை இழுக்கும். வெயில் வந்தால் வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்டு பூசினால் அந்த ஈரம் வெளியேற வழியில்லை. பூச்சில் விழுந்த மயிரிழை வெடிப்புகள் வழியாக மழைநீர் உள்ளே போகும். போன நீர் திரும்பி வராது. வடிகால் இல்லாத வயலில் பயிர் அழுகுவது போலச் சுவர் அழுகிவிடும்.

டெல்டா விவசாயிக்குத் தண்ணீரைக் கட்டவும் தெரியும், வடிக்கவும் தெரியும். வீட்டைக் காப்பதும் ஏறக்குறைய அதே வேலைதான். தண்ணீர் எங்கே நுழைகிறது, எங்கே தேங்குகிறது, எப்படி வெளியேறும் என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுக்கொண்டு பார்த்தால், பெரும்பாலான பழுதுகளுக்கு ஆள் தேட வேண்டியதில்லை. நம் வீட்டு ஆட்களே செய்துவிடலாம்.

எந்த மாதத்தில் என்ன வேலை?

நம் பகுதியில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது. எந்த வேலையும் புரட்டாசி முடிவதற்குள் முடிந்துவிட வேண்டும். பலர் மழை பிடித்த பிறகே ஓட்டின் மேல் ஏறுகிறார்கள். அப்போது ஓடு வழுக்கும், பூச்சு காயாது, கூலியும் அதிகம்.

கீழ்க்கண்டவாறு ஆண்டை நான்காகப் பிரித்துக்கொள்ளலாம்.

ஐப்பசி முதல் மார்கழி வரை பார்க்கும் காலம். மழை பெய்யும்போதே வீட்டைச் சுற்றி வந்து, எங்கே ஒழுகுகிறது, எங்கே சுவர் நனைகிறது, எங்கே தண்ணீர் தேங்குகிறது என்று பிள்ளைகளின் பழைய நோட்டில் குறித்து வையுங்கள். ஒழுகும் இடத்துக்கு நேராக உள்ளே கரியால் ஒரு கோடு போடுங்கள். வெயிலில் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது கடினம்.

தை மாதம், பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது சுவர் முழுவதையும் கையால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று சத்தம் கேட்கும் இடத்தில் பூச்சு விட்டிருக்கிறது என்று பொருள். அதை மூடி வெள்ளையடிக்காமல் நோட்டில் குறியுங்கள்.

சித்திரை, வைகாசி வேலைக்காலம். சம்பா அறுவடை முடிந்து, வயலில் உளுந்தும் பயறும் எடுத்தாகிவிட்டது. வழக்கப்படி ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்து சேரும் வரை கையில் நேரம் இருக்கிறது. கூரை, சுவர், தளம் ஆகிய எல்லாவற்றையும் இப்போது முடிக்க வேண்டும்.

ஆவணி, புரட்டாசியில் கடைசிப் பார்வை. கூரைமேல் விழுந்த சருகு, தளத்தின் நீர்ப்போக்குக் குழாய், வீட்டைச் சுற்றியுள்ள வாய்க்கால் ஆகியவற்றைச் சுத்தம் செய்தால் போதும்.

ஓட்டுக் கூரை

ஓடு வீட்டில் ஒழுக்குக்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள் உண்டு: உடைந்த ஓடு, நகர்ந்த ஓடு, முகட்டில் விட்டுப்போன சாந்து. சீமை ஓட்டில் உடைந்ததை எடுத்துவிட்டு, மேல் வரிசை ஓட்டைச் சற்றுத் தூக்கிப் புதியதைச் செருகினால் வேலை முடிந்தது. சீமை ஓடு 100 சதுர அடிக்கு ஏறக்குறைய 140 முதல் 150 வரை பிடிக்கும். பழைய வீடு இடிக்கும் இடத்தில் இருபது முப்பது ஓடுகளை வாங்கிக் கொல்லையில் அடுக்கி வைப்பது நல்லது. ஒரே அச்சு ஓடாகப் பார்த்து வாங்குங்கள். அச்சு மாறினால் பொருந்தாது. நாட்டு ஓட்டில் சருகும் குருவிக்கூடும் அடைத்துக்கொண்டு நீர் பின்வாங்குவதே பெரும்பாலான ஒழுக்குக்குக் காரணம். சருகைத் தள்ளி, நகர்ந்த ஓட்டைச் சரியாக அடுக்கினால் போதும். கூரை முழுவதையும் பிரித்து அடுக்குவது தேர்ந்த ஆளின் வேலை.

ஓட்டின் மேல் நேராகக் காலை வைக்கக்கூடாது. கைமரங்களுக்குக் குறுக்கே ஒரு நீளப் பலகையைப் போட்டு அதன்மேல் அமர்ந்து வேலை செய்யுங்கள். ஏணி நாலடி உயரத்துக்கு ஓரடி வீதம் சுவரிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளாமல் ஏறவே கூடாது.

கூரையைத் திறந்த அன்றே மரத்தையும் சோதித்துவிடுங்கள். கூரான திருப்புளியால் கைமரத்தின் இரு முனைகளிலும், சுவரில் பதிந்த இடத்திலும் குத்திப் பாருங்கள். அரை அங்குலம் எளிதாக இறங்கினால் அந்த மரம் கெட்டுவிட்டது. திருப்பனந்தாள் கோயிலின் தலமரம் பனை. ஊரின் பெயரிலும் பனை இருக்கிறது. நம் வட்டாரப் பழைய வீடுகளில் கைமரமாக இருப்பதும் பெரும்பாலும் பனைதான். முற்றிய பனையின் வெளிப்பாகம் இரும்பு போன்றது. உட்பாகம் சோறு போன்றது. வெளிப்பாகத்தில் பழுதில்லாத பனங்கைகளைத் தூக்கி எறியாதீர்கள். பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. ஆகவே உள்ள பனங்கையைக் காப்பாற்றுவதே இலாபம். பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும் முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெயைச் சுவரில் பதியும் முனைகளுக்குத் தடவினால் கரையானும் உளுவும் எளிதில் அண்டாது. இந்த எண்ணெய் தோலில் பட்டால் கொப்பளிக்கும். கையுறை போட்டுக்கொண்டு, துணி சுற்றிய குச்சியால் தடவ வேண்டும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், கூரைகளுக்கு ஒரு பாடம் கற்பித்தது. காற்று கூரையை அழுத்துவதில்லை. தாழ்வாரத்தின் அடியில் புகுந்து மேலே தூக்குகிறது. எனவே தாழ்வார ஓரத்து ஓடுகளையும் முகட்டு ஓடுகளையும் சாந்தில் பதிக்க வேண்டும். கைமரங்களை உத்திரத்தோடு கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டிவிடுவது சிறு செலவு, பெரும் பாதுகாப்பு.

காங்கிரீட் தளம்

தொகுப்பு வீடுகளிலும் மாடித் தளம் போட்ட வீடுகளிலும் தொல்லை வேறு விதம். மழைநீர் தேங்கி, மயிரிழை வெடிப்பு வழியாக இறங்கி, உள்ளேயிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். அது உள்ளிருந்து தள்ளுவதால்தான் கூரையின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து விழுகிறது. மேலே நீர் இறங்குவதை நிறுத்தாமல் கீழே பூசிக்கொண்டே இருப்பது வீண்செலவு.

மழை விட்டதும் தளத்தில் ஏறித் தேங்கிய நீரின் விளிம்பைக் கரியால் வரைந்து வையுங்கள். வேலை செய்ய வேண்டிய இடம் அதுவே. வெடிப்பை உளியால் அரை அங்குல ஆழம் கீறி, தூசியைத் துலக்கி, நன்றாக நனைத்து, முதலில் சிமெண்டுப் பாலை ஊற்றுங்கள். பிறகு 1 பங்கு சிமெண்டு, 3 பங்கு சலித்த மணல் கலந்த சாந்தை அழுத்தி நிரப்புங்கள். அதன்மேல் ஈரச் சாக்கு போட்டு 7 நாள் காயாமல் வைத்திருக்க வேண்டும். தண்ணீர் காட்டாத சிமெண்டு உரமில்லாத பயிர் போன்றது, பலம் வராது. மூன்று மாதத்துக்கு மேல் கடையில் கிடந்த சிமெண்டை வாங்காதீர்கள். மூட்டையில் தயாரித்த வாரம் அச்சிட்டிருக்கும்.

கோடையில் தளத்தின் மேல் இரண்டு மூன்று முறை சுண்ணாம்பு அடித்தால் வெயில் திருப்பியடிக்கப்பட்டு, வீட்டினுள் சூடு குறையும். மின்விசிறிச் செலவும் குறையும்.

மண்ணுக்கு மண், சுண்ணாம்புக்குச் சுண்ணாம்பு

பழைய சுவரைப் பழுது பார்க்கும்போது, அது எதனால் கட்டப்பட்டதோ அதனாலேயே பூச வேண்டும் என்பது முதல் விதி. என் தாயார் சொன்னதும் அதுவே. சிமெண்டால் கட்டிய சுவருக்குச் சிமெண்டு, சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய செங்கல் சுவருக்குச் சுண்ணாம்பு, மண்சுவருக்கு மண்.

சுண்ணாம்பு பலமற்றது என்று எண்ண வேண்டாம். நமக்கு அருகிலுள்ள அணைக்கரையில் கொள்ளிடத்தின் குறுக்கே ஆர்தர் காட்டன் கீழணையைக் கட்டுவித்தது 1836-ல். சென்னையில் முதல் சிமெண்டு ஆலை தொடங்கியதோ 1904-ல்தான். அந்நாளைய வேலையெல்லாம் சுண்ணாம்புச் சாந்தில் நடந்ததே.

சுண்ணாம்புப் பூச்சுக்கு 1 பங்கு நீற்றிய சுண்ணாம்பு, 3 பங்கு சலித்த மணல் போதும். அது காற்றை உட்கொண்டு மெதுவாக இறுகும். ஆகையால் கோடையில் பூச வேண்டும். பூசிய பின் சில நாள் தண்ணீர் தெளித்து, கடும் வெயிலில் திடீரென்று காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மண்பூச்சுக்கு நம் வயல் மண்ணை அப்படியே பயன்படுத்தினால் வெடித்துவிடும், களி அதிகம். எவ்வளவு மணல் சேர்ப்பது? வயலில் புதிய இரகத்தைச் சோதிப்பது போல இங்கும் சோதனைப் பாத்தி போடுங்கள். 1 பங்கு களிமண்ணுக்கு 1, 2, 3 பங்கு மணல் வீதம் கலந்து, சுவரில் ஓரடிச் சதுரமாக மூன்று இடத்தில் பூசி மூன்று நாள் விடுங்கள். வெடிக்காமலும், விரலால் தேய்த்தால் உதிராமலும் இருப்பது எதுவோ அதுவே உங்கள் மண்ணுக்கு ஏற்ற அளவு. அதனுடன் ஓரங்குல நீளத்துக்கு நறுக்கிய வைக்கோலைச் சேர்த்து, தண்ணீர் விட்டு மிதித்து நான்கைந்து நாள் ஊறவையுங்கள். சுவரை நனைத்து இரண்டு தடவையாகப் பூசி, மேலே சாணமும் களியும் கரைத்து மெழுகலாம். அல்லது சுண்ணாம்பு அடிக்கலாம். களர், உவர் நிலத்து மண்ணை எடுக்கக்கூடாது. அதிலுள்ள உப்பு பூச்சைப் பொரித்துத் தள்ளிவிடும்.

இந்த வேலையில் நம் வீட்டுப் பெண்களின் கைப்பக்குவம் பெரிது. எந்த மண் ஒட்டும், எது ஒட்டாது என்பது அவர்களுக்குத் தெரியும். வேலையைத் தொடங்குமுன் அவர்களைக் கேளுங்கள். நான் கேட்காததன் பலனை மேலே சொல்லிவிட்டேன்.

சுவர் வெடிப்பு: எது ஆபத்து?

கோடையில் நம் வயல் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கிறது. தண்ணீர் வந்ததும் மூடிக்கொள்கிறது. வீட்டின் அடியில் இருப்பதும் அதே களிமண்தான். அது சுருங்கி விரிவதால் சுவரிலும் வெடிப்பு தோன்றும். சில வெடிப்புகள் பருவத்துக்குப் பருவம் திறந்து மூடும். அவற்றால் பெரிய ஆபத்தில்லை. சில வெடிப்புகள் வளர்ந்துகொண்டே போகும். அவை ஆபத்தானவை.

வேறுபாட்டை அறிய ஒரு எளிய முறை உண்டு. வெடிப்பின் குறுக்கே ஒரு விரல் அகலத்துக்குச் சிமெண்டுச் சாந்தைப் பட்டையாகப் பூசி, பக்கத்தில் தேதியை எழுதுங்கள். வெடிப்பின் இரு முனைகளையும் பென்சிலால் குறியுங்கள். பட்டை உடையாமல், வெடிப்பு குறியைத் தாண்டாமல் ஓராண்டு இருந்தால் தைரியமாக அடைத்துப் பூசலாம். பட்டை உடைந்து, வெடிப்பும் நீண்டுகொண்டே போனால் பூசி மறைக்காதீர்கள். பொறியாளரையோ அனுபவமுள்ள கொத்தனாரையோ அழைத்துக் காட்ட வேண்டும். சுண்டுவிரல் நுழையும் வெடிப்பு, சாய்ந்த சுவர், வயிறு தள்ளிய சுவர் ஆகியவற்றுக்கு ஓராண்டு காத்திருக்கக்கூடாது. அந்தச் சுவரோரம் படுப்பதையும் மாடு கட்டுவதையும் உடனே நிறுத்துங்கள்.

வீட்டைச் சுற்றி வடிகால்

செலவு மிகக் குறைந்த வேலை இது. பலன் மிக அதிகம். கூரையிலிருந்து விழும் நீர் தரையில் மோதித் தெறித்து, சுவரின் அடியில் ஓரடி இரண்டடி உயரத்தை அரித்துவிடுகிறது. சுவரை ஒட்டி இரண்டரை முதல் மூன்று அடி அகலத்துக்கு உடைந்த செங்கல், ஓட்டுச் சில்லுகளைப் பரப்பித் திமிசால் இடித்து, மேலே சாந்து பூசுங்கள். மூன்றடி அகலத்துக்கு இரண்டு அங்குலம் வெளிப்பக்கமாகச் சரிவு இருக்க வேண்டும். அதன் ஓரத்தில் சிறு வாய்க்கால் வெட்டி, நீரைக் கொல்லைத் தென்னைக்கோ வாழைக்கோ விடலாம். சரிவு பார்க்க ரசமட்டம் தேவையில்லை. தண்ணீர் நிரப்பிய தெளிவான பிளாஸ்டிக் குழாயின் இரு முனைகளில் நீர் நிற்கும் மட்டமே போதும்.

வெளித்தரை, வீட்டின் தரையைவிட ஆறு அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். சுவரில் சாய்த்துக் குவித்த மண், விறகு, எரு எல்லாவற்றையும் அகற்றுங்கள். மாட்டு மூத்திரத்தில் உள்ள உப்பு சுவரில் ஏறிக் காரையைப் பொரித்துத் தள்ளும். ஆகவே கொட்டகையின் மூத்திரக் கால்வாயும் எருக்குழியும் வீட்டுச் சுவரிலிருந்து விலகியிருக்க வேண்டும். சுவர் இடுக்கில் முளைக்கும் அரசு, ஆலங்கன்றுகளை இரண்டு இலைப் பருவத்திலேயே வேரோடு பிடுங்கிவிடுங்கள்.

சொட்டும் குழாயையும் அலட்சியம் செய்யாதீர்கள். நொடிக்கு ஒரு சொட்டு வீதம் விழுந்தால் ஒரு நாளில் 20 லிட்டருக்கு மேல் சுவரடியில் இறங்கிவிடும். பெரும்பாலும் உள்ளே இருக்கும் வாஷர் தேய்ந்திருக்கும். தண்ணீரை மேலே அடைத்துவிட்டு, குழாயின் தலையைத் திருகிக் கழற்றி, புதிய வாஷரைப் போடக் கால்மணி நேரம் போதும்.

பல ஊர்களில் தெருவைத் திரும்பத் திரும்பப் போட்டு உயர்த்தியதால் வீடுகள் பள்ளமாகிவிட்டன. இதை ஒரு வீட்டுக்காரர் மண்வெட்டியால் தீர்க்க முடியாது. ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைக் கூட்டங்களில் தெரு வடிகாலைக் கோரிக்கையாக வைத்துத் தீர்மானத்தில் பதிவு செய்ய வேண்டும்.

வெள்ளையடிப்பது எப்படி?

கல் சுண்ணாம்பு அல்லது கிளிஞ்சல் சுண்ணாம்பு 1 கிலோவுக்குத் தண்ணீர் 5 லிட்டர் என்பது பொதுவான அளவு. இரும்புப் பீப்பாயிலோ மண்தொட்டியிலோ முதலில் தண்ணீரை ஊற்றி, பிறகு சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது, கொதித்துச் சிதறும். பிளாஸ்டிக் வாளி இளகிவிடும். ஒரு நாள் முழுதும் வைத்திருந்து, துணியில் வடிகட்டி, சோற்றுக் கஞ்சி சேர்த்தால் கையில் ஒட்டாது. சுவரைத் துலக்கி நனைத்து, மெல்லியதாக மூன்று தடவை அடிப்பது, கெட்டியாக ஒரு தடவை அடிப்பதைவிட மேல்.

நீற்றும் இடத்தில் குழந்தைகள் இருக்கவே கூடாது. கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் சுத்தமான தண்ணீரால் கால்மணி நேரமாவது கழுவிக்கொண்டே இருந்து, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தாமதித்தால் பார்வை போய்விடும்.

விதைநெல்லும் வீடும்

நெல் மூட்டைகளைத் தரையில் நேராக அடுக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஓரடியாவது தள்ளி அடுக்குங்கள். காற்று போய்வரும், எலி வந்தால் தெரியும், சுவர் ஈரம் நெல்லில் ஏறாது. எலி வளையை வெறும் மண்ணால் அடைத்தால் மறுநாளே தோண்டிவிடும். உடைந்த கண்ணாடித் துண்டும் சிமெண்டுச் சாந்தும் கலந்து அடைக்க வேண்டும். சுவரில் மண்கோடாகக் கரையான் பாதை தெரிந்தால் அதைத் துடைத்துவிட்டு, அது எங்கிருந்து ஏறுகிறது என்று பாருங்கள். மரக்கட்டை எதுவும் மண்ணைத் தொட்டுக்கொண்டிருக்கக்கூடாது. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை வீட்டினுள் தெளிப்பது உயிருக்கு ஆபத்து. மருந்து தேவையென்றால் வட்டார வேளாண்மை அலுவலரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

ஆளும் கருவியும்

ஒரு பழுதின் கூலிச் செலவைப் பணத்தில் பார்க்காமல் ஆள் நாளில் கணக்கிட்டுப் பாருங்கள். சிறு வீட்டுக்கு வெள்ளையடிக்க இரண்டு பேருக்கு இரண்டு நாள். சுற்றுத்தளம் போட மூன்று பேருக்கு மூன்று நாள். ஓடு சரிபார்க்க இரண்டு பேருக்கு ஒரு நாள். மொத்தம் 15 ஆள் நாள். உங்கள் ஊரில் ஓராள் கூலி என்னவோ அதனால் பெருக்கினால் மிச்சம் தெரியும். நடவுக்கு மாற்றாள் போவது போல இதற்கும் மூன்று நான்கு வீட்டார் சேர்ந்து, வாரம் ஒரு வீடாக முடிக்கலாம். ஏணி, கரண்டி, மணியாசக் கட்டை, தூக்குக் குண்டு, உளி, சுத்தி, சாந்துச் சட்டி ஆகியவற்றை ஆளுக்கொன்றாக வாங்கிப் பகிர்ந்துகொண்டால் செலவும் குறைவு.

கொத்தனாரின் பிழைப்பைக் கெடுக்க இதைச் சொல்லவில்லை. சில்லறை வேலையை நாம் செய்து மிச்சப்படுத்தும் பணத்தில்தான் உத்திரம் மாற்றுவது போன்ற உண்மையான வேலைக்கு நல்ல கொத்தனாரையும் தச்சரையும் அழைக்க முடியும்.

எதைத் தொடக்கூடாது?

மின்சார வேலையில் பல்பு மாற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒயரிங், எர்த், மோட்டார் இணைப்பு எல்லாம் உரிமம் பெற்ற ஒயர்மேனின் வேலை. நனைந்த சுவரில் தொட்டால் சுரீர் என்றால், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அவரை அழைத்து வாருங்கள். மின்கசிவைக் கண்டதும் தானே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற சாதனத்தைப் பொருத்தச் சொல்லுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் தகட்டை அறுக்கவோ உடைக்கவோ வேண்டாம். அதன் தூள் நுரையீரலைக் கெடுக்கும். அதன்மேல் ஏறவும் கூடாது. பழைய தகடு ஆளோடு உடைந்து விழும். சுமை தாங்கும் சுவரில் புதிதாகக் கதவு, ஜன்னல் திறப்பது, தூணை எடுப்பது, கம்பி தெரிந்து தொங்கும் காங்கிரீட் கூரை ஆகியவையும் நம் வேலை அல்ல. அரசுத் திட்டங்களில் 2000-2001-க்கு முன் கட்டிய ஊரக வீடுகளைப் பழுது பார்க்க 2024-ல் தமிழக அரசு ஒரு திட்டம் அறிவித்தது. அத்தகைய தொகுப்பு வீட்டில் குடியிருப்போர் திருப்பனந்தாள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் விசாரித்துப் பார்க்கலாம்.

எங்கள் கொல்லைச் சுவரை 1999 சித்திரையில் மீண்டும் மண்ணாலேயே எழுப்பினோம். கலவையின் அளவை அம்மா சொன்னார், நான் மிதித்தேன். சுற்றிலும் மூன்றடிக்குச் சரிவுத் தளம் போட்டு, தாழ்வாரத்தை ஓரடி நீட்டிவிட்டோம். ஆண்டுக்கு ஒரு நாள் பூசி மெழுகுவதைத் தவிர அதற்கு வேறு செலவு வைக்கவில்லை. கஜா வீசிய இரவிலும் அது நின்றது.

விவசாயப் பெருமக்கள் இந்த மழைக்காலத்திலேயே ஒரு நோட்டை எடுத்து, வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து, தண்ணீர் தேங்கும் முதல் இடத்தைக் குறித்து வைக்கக் கேட்டுக்கொள்கிறேன். சித்திரையில் முதல் வேலை அங்கிருந்து தொடங்கட்டும்.